அடகுக்கடை அணில்

110 டாலர். அவ்வளவுதான் விலை. பென்சில்வேனியாவில் எங்கள் ஊர் அடகுக்கடையில், கல்லாவுக்குப் பின்னால் இருந்த தாங்கியின் கடைசிக் குழியில் அது சாய்ந்து நின்றது. பக்கத்தில் நின்ற பளபளப்பான துப்பாக்கிகளை எல்லாம் வருகிறவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். இதை மட்டும் யாரும் சீந்தவில்லை. கட்டையெல்லாம் வெல்லப்பாகு காய்ந்ததுபோல ஒரு கரும்பழுப்பு வார்னிஷ். அது பொருக்குப் பொருக்காக உரிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட் தெறித்த புள்ளிகள். அடிப்பக்கம் முழுக்க அடிபட்ட பள்ளங்கள். எடுத்துக் காட்டச் சொல்லிக் கையில் வாங்கினேன். பிடிக்கும் இடத்தில் கட்டைவிரலுக்கு ஏதோ நெருடியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அழுக்குக்கு அடியில் ஓர் அணில்!

அந்த அணிலுக்காகத்தான் வாங்கினேன். அதற்குப் பிறகு வந்த மூன்று வார மாலைகளைப்போல நிறைவான மாலைகள் இந்த நாட்டுக்கு வந்த பதினாறு வருடத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. இதை எழுதும்போதும் விரல்நுனியில் எண்ணெய் வாசம் இருக்கிறது. சோப்புப் போட்டாலும் போகவில்லை. போகவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

துப்பாக்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிளென்ஃபீல்ட் மாடல் 60. கிளென்ஃபீல்ட் என்பது தனி நிறுவனம் அல்ல, மார்லின் நிறுவனம் பெரிய அங்காடிகளில் மலிவாக விற்பதற்கென்றே வைத்திருந்த பெயர். 1870இல் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனில் தொடங்கிய பழைய நிறுவனம் மார்லின். மாடல் 60 துப்பாக்கியை 1960இல் கொண்டுவந்தார்கள். பாயின்ட் டூ-டூ என்று இங்கே எல்லாரும் சொல்கிற மிகச் சிறிய தோட்டாவுக்கானது. குழலுக்கு அடியில் நீளமாக ஒரு பித்தளைக் குழாய். அதில் தோட்டாக்களை வரிசையாக விட்டுவிட்டால் ஒவ்வொன்றாக மேலே வரும். தகர டப்பா சுடவும், முயல் அணில் வேட்டைக்கும், பிள்ளைகளுக்கு முதன்முதலில் சுடச் சொல்லித்தரவும் பலரும் இதைத்தான் வாங்கினார்கள். ஒரு கோடிக்கும் மேல் விற்ற துப்பாக்கி இது. அமெரிக்கக் கிராமப்புறத்தில் தாத்தா வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிற துப்பாக்கி என்றால் பெரும்பாலும் இதுவாகவோ இதன் பங்காளியாகவோ இருக்கும்.

வயது கண்டுபிடிக்க ஓர் அழகான வழி இருக்கிறது. அந்தக் காலத்து மார்லின் துப்பாக்கிகளில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை நூறிலிருந்து கழித்தால் செய்த வருடம் வந்துவிடும். என்னுடையது 21 என்று தொடங்குகிறது. நூறில் இருபத்தொன்று போனால் எழுபத்தொன்பது. 1979! நான் பிறந்த வருடம். கடைக்காரரிடம் சொன்னேன், அவர் அதற்காக ஒரு டாலரும் குறைக்கவில்லை. குறைக்காவிட்டால் என்ன, நான் அப்போதே வாங்க முடிவெடுத்துவிட்டேன்.

ஹெச்1பி விசாவில் இருந்த வருடங்களில் துப்பாக்கி பக்கமே நான் போனதில்லை. அந்த விசாக்காரர்களுக்குச் சட்டத்தில் சிக்கல் அதிகம். குடியுரிமை வந்த பிறகுதான் துணிந்தேன். கடையிலேயே 4473 என்கிற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, ரசீதோடு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பூட்டுள்ள இரும்பு அலமாரி. மகளுக்குப் பத்து வயது, கண்ணில் படுவதையெல்லாம் கையில் எடுத்துப் பார்க்கிற வயது.

ஒரு சங்கதியை அழுத்திச் சொல்லவேண்டும். கட்டையைத் தொடும் முன்பு துப்பாக்கி காலியா என்று பார்க்கவேண்டும். குழாய் வைத்த துப்பாக்கியில் இது இரட்டிப்பு முக்கியம். உள்குழாயை முழுக்க உருவி எடுத்து, முனையைக் கீழே சாய்த்துக் குலுக்கி, பின்பூட்டை இழுத்துப் பிடித்து, தோட்டா அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒரு தோட்டா எங்கேயாவது ஒட்டிக்கொண்டு நிற்க வாய்ப்புண்டு. அதன் பிறகுதான் அடியில் உள்ள திருகுகளைக் கழற்றினேன். இரும்பு தனியே வந்துவிட்டது. அதைத் துடைத்து, எண்ணெயிட்டு, அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். மேசையில் மிஞ்சியது வெறும் மரக்கட்டை. அப்போது அது துப்பாக்கி இல்லை. எங்கள் காரைக்குடிப் பெரியப்பாவின் பட்டறையில் கிடக்கும் ஏதோ ஒரு கட்டில்கால்போல இருந்தது. எனக்கு அந்த நிமிடமே கை பரபரத்தது.

பெரியப்பா தச்சர். செட்டிநாட்டு வீடுகளில் பழைய கதவு நிலைகளைச் செப்பனிடுவதில் ஐம்பது வருடம் போனவர். சின்ன வயதில் கோடை விடுமுறை முழுக்க அவர் பட்டறையில் உப்புத்தாள் தேய்த்தவன் நான். அதற்குப் பிறகு முப்பது வருடம் கீபோர்டைத் தவிர வேறெதையும் இந்தக் கை தேய்க்கவில்லை.

பழைய வார்னிஷை எடுப்பதுதான் முதல் கட்டம். முன்பெல்லாம் இதற்கு மெத்திலீன் குளோரைடு கலந்த கடுமையான திரவத்தை உபயோகிப்பார்களாம். மூடிய அறையில் அதை முகர்ந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். 2019இல் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்று தடை வந்துவிட்டது. இப்போது ஆரஞ்சுப் பழ வாசத்தோடு பிசின்போல ஒன்று கிடைக்கிறது. சிட்ரிஸ்ட்ரிப் என்று பெயர். பழைய தூரிகையால் தடிமனாகப் பூசி, காயாமல் இருக்கச் சமையலறை பிளாஸ்டிக் தாளால் சுற்றி, ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் பிரித்தால் கிட்டத்தட்ட ஐம்பது வருடத்துக் கறுப்பு தோல் உரிவதுபோல வழன்று வருகிறது! பிளாஸ்டிக் சுரண்டியால் லேசாகத் தள்ளினாலே போதும். இரும்புச் சுரண்டி வேண்டவே வேண்டாம், மரத்தைக் கிழித்துவிடும்.

அப்போதுதான் அந்த மரத்தை முதன்முதலாகப் பார்த்தேன்.

வெளிர் மஞ்சள். பசுநெய் உறையும்போது ஒரு நிறம் வருமே, அது. அதில் மெல்லிய அலைகள், ஆற்று மணலில் தண்ணீர் வற்றிய பிறகு இருக்கும் வரிகள்போல. தோளில் பதியும் அகன்ற பகுதியில் கண்போல ஒரு சுழி. தொழிற்சாலையில் இதற்குப் போட்டது பர்ச் மரம். உயர்ந்த துப்பாக்கிகளுக்கு வால்நட். மலிவுத் துப்பாக்கிக்கு பர்ச். வால்நட் என்று தோன்றவேண்டும் என்பதற்காக மேலே கரும்பழுப்பை அப்பிவிட்டார்கள். விளம்பரத்திலும் வால்நட் நிறம் தீட்டிய கடினமரம் என்கிற மாதிரிதான் எழுதுவார்கள். நாம் பூர்ஜ மரம் என்று கேள்விப்பட்டிருக்கிறோமே, காஷ்மீரத்தில் அதன் பட்டையை உரித்து ஏடாக்கி எழுதினார்களே, அதன் குடும்பத்து மரம்தான் இது. இவ்வளவு அழகான மரத்தை இன்னொரு மரமாக வேஷம் போடவைத்து கிட்டத்தட்ட ஐம்பது வருடம் அடைத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு அடைத்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கராஜ் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு மரப்பாச்சி கலர்ல இருக்கும்னு நெனச்சேன், சந்தனக்கட்டை மாதிரி இருக்கே" என்றாள்.

அடுத்த கட்டம் பள்ளங்களை எழுப்புவது. இதில்தான் நான் முழுதாக மயங்கிப்போனேன்.

அடிபட்ட பள்ளம் என்றால் அங்கே மரம் காணாமல் போய்விட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. மரத்தின் நார்கள் நெரிந்து அமுங்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். தண்ணீரும் சூடும் கொடுத்தால் அவை மறுபடி உப்பி எழுந்துவிடும். வெட்டுப்பட்ட இடத்துக்கு இந்த வைத்தியம் பலிக்காது, ஏனென்றால் அங்கே நார் அறுந்துவிட்டது. அமுங்கிய இடத்துக்கு நூற்றுக்குத் தொண்ணூறு பலிக்கும். பழைய சாமான் கடையில் ஐந்து டாலருக்கு ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கிவந்தேன். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, நாலாக மடித்து, பள்ளத்தின் மேல் வைத்து, பெட்டியின் கூர்முனையால் ஒரு அழுத்து. ஸ்ஸ் என்று ஆவி எழும்பும். மூன்று நொடி, நாலு நொடி. எடு. பார். மறுபடி நனை. மறுபடி அழுத்து.

தோள்பக்கத்தில் ஒரு பள்ளம், ஒரு ரூபாய்க் காசு அளவு, அரிசி மணி ஆழம். யாரோ டிரக் கதவில் சாத்தியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டேன், நிழல் விழுந்தால்தான் ஆழம் தெரியும். முதல் அழுத்தில் நிழல் கொஞ்சம் மெலிந்தது. இரண்டாவதில் விளிம்பு மங்கியது. மூன்றாவதில் நிழல் பிறைபோலச் சுருங்கியது. ஏழாவது அழுத்துக்குப் பிறகு துணியை எடுத்தேன், ஆவி கலைந்தது, அங்கே ஒன்றும் இல்லை. விரலால் தடவினேன். சமதளம். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. கராஜில் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன். அன்று ராத்திரி பதினோரு மணிவரை ஒவ்வொரு பள்ளமாகத் தேடித் தேடி ஆவி பிடித்தேன். மொத்தம் முப்பத்தொரு பள்ளம். இருபத்தெட்டு எழுந்துவிட்டன. மிச்சம் மூன்று வெட்டுக்காயங்கள், அவை அப்படியே இருக்கின்றன.

ஆனால் அணில் பக்கம் மட்டும் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுபோகக் கூடாது! காரணம் சொன்னால் உங்களுக்கும் பிடிக்கும். அந்த அணில் செதுக்கியது இல்லை, அச்சு வைத்து அழுத்தியது. மலிவு விலைக்குக் கைவேலை கட்டுப்படியாகாது என்பதால் எழுபதுகளில் இந்தக் கட்டைகளில் இப்படி அச்சுப் பதித்தார்கள். அப்படியென்றால் அணிலும் ஒரு வகைப் பள்ளம்தானே? ஆவி பட்டால் அதன் நார்களும் உப்பி எழுந்து, அணில் கரைந்துபோகும். உப்புத்தாள் போட்டாலும் போய்விடும். அதனால் அந்த இடத்தைச் சுற்றி நீல டேப் ஒட்டி எல்லை கட்டினேன். உள்ளே வெறும் பல் துலக்கும் பிரஷ், ஆரஞ்சுப் பிசின், மரக்குச்சியின் கூர். வாலின் மயிர்க்கோடுகளில் அடைந்திருந்த வார்னிஷை ஒவ்வொன்றாக எடுக்க ஒரு மாலை முழுக்க ஆனது. கண் தெரிந்தது, பிறகு காது, பிறகு முன்னங்கால். கடைசியில் வால், புசுபுசுவென்று, மேல்நோக்கி வளைந்து. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இதுக்கு ஏன் மூணு கோடு இல்ல?" என்றாள். பாட்டி சொன்ன ராமர் கதை. இங்கத்து அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது, உருவமும் பெரியது, எங்கள் கொல்லையில் ஓக் மரக் கொட்டைகளைப் புதைத்துக்கொண்டு திரிவது இந்தச் சாம்பல் நிறத்துக்காரர்தான் என்று காட்டினேன். அவள் அதிலிருந்து இந்தத் துப்பாக்கியை அணில் என்றுதான் சொல்கிறாள். நானும் அப்படித்தான்.

தேய்ப்பதில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 220, 320 என்று ஏறவேண்டும், நார் ஓடும் திசையிலேயே போகவேண்டும், குறுக்கே போகக் கூடாது. இரும்பு உட்காரும் பள்ளத்துக்குள் தாளைக் கொண்டுபோகக் கூடாது, பொருத்தம் கெட்டுவிடும். தோளில் பதியும் முனையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தகடு இருக்கிறது. அதைக் கழற்றாமலே, மேலே டேப் ஒட்டிவிட்டுத் தேய்க்கவேண்டும். கழற்றிவிட்டுத் தேய்த்தால் மரத்தின் விளிம்பு உருண்டு, திரும்ப மாட்டும்போது தகடு துருத்திக்கொண்டு நிற்கும். தொழிற்சாலையில் எந்திரம் விட்ட குறுக்குக் கோடுகள் வார்னிஷுக்கு அடியில் அப்படியே இருந்தன. அவற்றை எடுத்தபோது, இந்தக் கட்டையை முதன்முறையாக ஒருவர் பொறுமையாகத் தேய்க்கிறார் என்று தோன்றியது.

320 முடித்ததும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், பட்டு. பெரியப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அங்கே காலை ஏழு மணி, கையில் காபி டம்ளர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்ன மரம்டா தம்பி இது?"

"பர்ச்னு சொல்றாங்க பெரியப்பா. இந்த ஊரு மரம்."

"வைரம் பாஞ்சிருக்காது போல, வெளிறா இருக்கே. ஆனா நார் நெருக்கம் நல்லா இருக்கு. தண்ணி காட்டுனியா?"

"இல்ல பெரியப்பா."

"தண்ணி காட்டாம பாலிஷ் போட்டேன்னா நாளைக்கே பூனைமயிர் எந்திரிக்கும். ஈரத்துணிய ஒரு தடவ ஓட்டு. காயவிடு. மயிர் எந்திரிச்சதும் லேசா தாளை ஓட்டு. மூணு வாட்டி செய்."

அமெரிக்கப் புத்தகங்களிலும் இதே விஷயத்தை மீசை எழுப்புவது என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்று பூனைமயிர், இன்னொன்று மீசை! இரண்டு கண்டத்துத் தச்சர்களும் அதே மரத்தில் அதே மயிரைப் பார்த்திருக்கிறார்கள். ஈரத்துணி ஓட்டிக் காயவிட்டதும் பட்டுபோல இருந்த கட்டை தாடி மழிக்காத கன்னமாகச் சுரசுரத்தது. தாளை லேசாக ஓட்டினேன், போய்விட்டது. இரண்டாம் முறை கொஞ்சம் எழுந்தது. மூன்றாம் முறை எழவே இல்லை. பெரியப்பா சொன்ன அதே மூன்று.

இனி நிறம். இங்கே ஒரு தவறு நடந்தது, அதையும் சொல்லவேண்டும். பர்ச் மரம் சாயத்தை ஒரே சீராகக் குடிக்காது. ஓர் இடம் ஆழமாக உறிஞ்சும், பக்கத்து இடம் தொடவே மாட்டேன் என்னும். நான் நேராகச் சாயத்தைத் தடவிவிட்டேன். அம்மைத் தழும்புபோலத் திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு மனசு ரொம்பவே விட்டுப்போனது. மறுநாள் முழுக்க உட்கார்ந்து தேய்த்து எடுத்தேன். இரண்டாம் முறை அரக்கை ஸ்பிரிட்டில் நன்றாக நீர்க்கக் கரைத்து முதலில் ஒரு பூச்சு கொடுத்தேன். அந்த அரக்கு தாகமெடுத்த இடங்களை எல்லாம் பாதி நிரப்பிவிடும். பிறகு லேசாகத் தாளை ஓட்டி, சாயத்தையும் பாதிக்குப் பாதி நீர்க்கச் செய்து, துணியால் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன். தேன் நிறம் ஒரே சீராக வந்து உட்கார்ந்தது. நம் ஊரில் தேக்குக்குப் பாலிஷ் போடும்போது சாக் பவுடர் தேய்த்துக் கண்களை அடைப்பார்கள். பர்ச்சுக்கு அது தேவையில்லை, கண்கள் அவ்வளவு நுணுக்கம். கரும்பழுப்புப் பக்கமே நான் போகவில்லை. வால்நட் வேஷம் இனி இதற்கு வேண்டாம். வெளிறு மரம் வெளிறாகவே, கொஞ்சம் வெயில் பட்டதுபோல இருக்கட்டும்.

எண்ணெய்! இதற்காகத்தான் மற்ற எல்லாம்.

ஆளிவிதை எண்ணெய்தான் துப்பாக்கிக் கட்டைகளுக்கு ஆதிகாலத்து எண்ணெய். தண்ணீர் வற்றிக் காய்வதுபோல அது காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து கெட்டிப்படுகிறது, அதாவது மரத்துக்குள்ளேயே பிசினாக மாறுகிறது. கடையில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் என்று விற்பதை இப்போதெல்லாம் யாரும் காய்ச்சுவதில்லை, சீக்கிரம் இறுகுவதற்கு உலோக உப்புகளைக் கலக்கிறார்கள். முன்காலத்தில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: முதல் வாரம் தினம் ஒரு கை, முதல் மாதம் வாரம் ஒரு கை, முதல் வருடம் மாதம் ஒரு கை, அதன் பிறகு ஆயுள் முழுக்க வருடம் ஒரு கை. எனக்கு அந்தக் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கராஜ் குளிரில் சுத்த எண்ணெய் காய நாள்கணக்காகும். அதனால் ட்ரூ-ஆயில் வாங்கினேன். ஆளிவிதை எண்ணெயை அடிப்படையாக வைத்துச் சீக்கிரம் காயும்படி செய்த கலவை அது. துப்பாக்கிக்காரர்கள் மட்டும் இல்லாமல் கிடார் செய்கிறவர்களும் இதை விரும்பிப் போடுகிறார்கள்.

தூரிகை கிடையாது, துணி கிடையாது. விரல்தான். ஆள்காட்டி விரல்நுனியில் மூன்று சொட்டு. ஒரு சாண் நீளத்துக்கு அதைத் தேய்க்கவேண்டும், தேய்க்கத் தேய்க்க விரலுக்கும் மரத்துக்கும் நடுவே சூடு பிறக்கும். அந்தச் சூட்டில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். முதல் சொட்டு பட்ட இடத்தில் மரம் விழித்துக்கொண்டது. வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. அதுவரை காகிதத்தில் வரைந்த கோடாக இருந்த ரேகைகள் சட்டென்று ஆழம் பெற்றன. தோள்பக்கத்துச் சுழி, கண்ணாடிக்கு அடியில் கிடப்பதுபோலக் கீழே இறங்கியது. கட்டையை லேசாகத் திருப்பினால் ஒளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அலையாக ஓடுகிறது. மறுபடி திருப்பினால் திரும்பி வருகிறது. எவ்வளவு நேரம் அப்படித் திருப்பிக்கொண்டே நின்றேன் என்று தெரியவில்லை. மனைவி சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

மெல்லிய பூச்சு என்பதுதான் மந்திரம். தடிமனாகப் பூசினால் வழிந்து, பிசுபிசுத்து, பழைய வார்னிஷ் மாதிரியே ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு பூச்சு, இருபத்துநாலு மணி நேரம் காயவிடல், பிறகு நாலு சைபர் எஃகுக் கம்பளியால் வருடினாற்போல ஒரு தேய்ப்பு, தூசியைத் துடைத்துவிட்டு அடுத்த பூச்சு. அலுவலகத்தில் எவ்வளவு மோசமான நாளாக இருந்தாலும் ஐந்தரை மணிக்கு மூன்று சொட்டு எண்ணெய் எனக்காகக் காத்திருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருந்தது. ஐந்தாவது பூச்சில் முட்டை ஓட்டின் மினுமினுப்பு வந்தது. எட்டாவதில் நிறுத்தினேன். இன்னும் போட்டால் கண்ணாடிபோலப் பளபளக்கும், எனக்கு அது வேண்டாம். அணிலுக்கு மட்டும் இரண்டே பூச்சு, பிரஷ் நுனியால். அதிகம் போட்டால் வாலின் மயிர்க்கோடுகள் அடைந்துவிடும்.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. கை துடைத்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு வெளியாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் ஏறி ஏறித் தானாகத் தீப்பற்றிக்கொள்ளும். தீக்குச்சியே வேண்டாம். நான் ஒவ்வொரு நாளும் துணியை வெளியே கான்கிரீட் தரையில் விரித்துக் காயவைத்து, பிறகு தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் போட்டேன்.

எல்லாம் முடிந்து இரும்பைத் திரும்ப மாட்டி, திருகுகளை இறுக்கிய பிறகு பத்து நாள் கையே வைக்கவில்லை. எண்ணெய் முழுக்க இறுகட்டும் என்று விட்டேன். மாநில வனவிலங்கு வாரியம் பொதுமக்களுக்காக நடத்துகிற சுடுதளம் ஒன்று அரைமணி தூரத்தில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை, காதுக்கவசம் மாட்டிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து கன்னத்தைக் கட்டையில் பதித்தேன். குளிர்காலக் காலையில் இரும்பு சில்லென்று கடிக்கிறது. மரம் கடிக்கவில்லை. கன்னம் பட்ட இடம் இரண்டு நிமிடத்தில் என் சூட்டுக்கு வந்துவிட்டது. ஐம்பது கஜத்தில் அட்டை வைத்துப் பத்து சுட்டேன். மார்லின்காரர்கள் இந்தக் குழலுக்குள் ஆழம் குறைந்த பதினாறு வரிப்பள்ளங்களை வெட்டியிருக்கிறார்கள். அதன் அருமை அட்டையில் தெரிந்தது: பத்தும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கின. பக்கத்து பெஞ்சில் இருந்த முதியவர் தம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். தொடலாமா என்று கேட்டார். முழுக் கட்டையையும் உள்ளங்கையால் ஒரு முறை நீவிவிட்டு அணிலில் வந்து நின்றார். சின்ன வயதில் அவருடைய அப்பா வாங்கித்தந்ததும் இதே அணில் துப்பாக்கிதானாம். அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவர் விரல் வாலின் வளைவிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

இந்த வேலையை எந்தத் துப்பாக்கிக்கு வேண்டுமானாலும் செய்யலாமா? கூடாது. பழைய ராணுவத் துப்பாக்கிகளின் கட்டையில் முத்திரைகள் இருக்கும், அவற்றைத் தேய்த்தால் சரித்திரமும் போகும், விலையும் போகும். பழைய வின்செஸ்டர்போன்ற சேகரிப்பாளர் பொருட்களுக்கும் இதே கதைதான். அவற்றில் கீறல்கூட அப்படியே இருந்தால்தான் மதிப்பு. எனக்கு இந்த மலிவுத் துப்பாக்கியின் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுவும் காரணம். ஒரு கோடியில் ஒன்று. இதைத் தொடாதே என்று சொல்ல ஆளில்லை. கைநடுக்கம் இல்லாமல் தேய்க்கலாம், தப்பினால் மறுபடி தேய்க்கலாம். கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிடப் பெரிய கொடை உண்டா? உங்களிடம் துப்பாக்கியே இல்லை என்றாலும் பரவாயில்லை. வீட்டில் ஒரு பழைய மணைப்பலகையோ, தாத்தாவின் சாய்வு நாற்காலிக் கையோ கிடக்கும். அதில் ஒரு பள்ளம் நிச்சயம் இருக்கும். ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் எடுத்துக்கொண்டு அந்த ஒரு பள்ளத்தை மட்டும் எழுப்பிப் பாருங்கள். அப்புறம் என்னை நினைப்பீர்கள்.

போன வாரம் மறுபடி அடகுக்கடைக்குப் போனேன். இரும்பில்லாமல் வெறும் கட்டை ஒன்று மூலையில் கிடந்தது, பன்னிரண்டு டாலர். பிடிக்கு மேலே மெல்லிய இடத்தில் நார் ஓட்டத்தோடு ஒரு விரிசல், இரண்டு அங்குலம். பெரியப்பாவுக்குப் படம் அனுப்பினேன். "விரிசல் நார் போற வழியில தானே போயிருக்கு, கவலப்படாத. பசையை உள்ள எறக்கிட்டுக் கயிறு சுத்தி இறுக்கு" என்று குரல்பதிவு வந்தது. எப்பாக்சியை வெந்நீரில் வைத்து இளக்கி, விரிசலை லேசாக விரித்துப் பிடித்து, பல்குத்தும் குச்சியால் உள்ளே இறக்கி, பழைய சைக்கிள் டியூபை வாராக வெட்டி இறுக்கச் சுற்றியிருக்கிறேன். கராஜில் அரிக்கேன் விளக்கு மாதிரி ஒரு சின்ன பல்பு அதன் பக்கத்தில் எரிகிறது, சூடு இருந்தால் பசை நன்றாகப் பிடிக்கும். நாளைக் காலை ஆறு மணிக்கு அந்த ரப்பரைப் பிரிக்கவேண்டும். மகள் இப்போதே வந்து கேட்டுவிட்டுப் போனாள், அந்தக் கட்டையிலும் அழுக்குக்கு அடியில் அணில் இருக்குமா என்று. பிடியில் ஏதோ நெருடுகிறது.